ஒப்பாரியிலிருந்து பிடுங்கிய வேர்

ஒச்சானா,
11 அக்டோபர் 1983

பொந்தோவுக்கு அக்கா லம்சீரா எழுதுவது.

உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும் என்றுதான் நம் ஊரில் கடிதம் தொடங்குவார்கள். இந்தத் தடவை உன் நோவை நீயே வைத்துக்கொள். நானும் மகள் காத்தூனாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். உன் அத்தான் எப்படி இருக்கிறார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தார் வாத்தியார் வீட்டில் சோளம் உரித்து முடித்த விருந்து. தெருவே வந்திருந்தது. மூன்றாவது கோப்பை காலியானதும் வாத்தியார் உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வந்தார். "நம்ம பொந்தோ போட்ட புஸ்தகம். நம்ம ஊர்ப் பேச்செல்லாம் அச்சுல வந்திருக்கு. இது எழுத்தில்லாத பாஷைன்னு சொன்னவன் எவனாவது இருந்தா இப்ப வரச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மடைச்சி.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தார். "என்னைத் திருப்பி ஓட்டிவிட்டாயே அம்மா, வேலி தாண்டி வந்த மாட்டை ஓட்டுவதுபோல விடியும் முன்னே ஓட்டிவிட்டாயே. முறிந்த கையைக் கட்டியதும் நீதானே, முறித்தவன் வீட்டுக்கே அனுப்பியதும் நீதானே."

பாதியில் அவருக்கே புரிந்துவிட்டது. கீழே அச்சாகியிருந்த பெயரை அவர் படிக்கவில்லை. படிக்கவேண்டிய தேவையும் இல்லை. அம்மாவின் சவத்துக்கு முன்னால் நான் அழுததைக் கேட்டவர்கள்தானே அத்தனை பேரும்.

கேட்டார்கள், ஆனால் இரண்டு வருஷமாக ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஒப்பாரியில் ஒரு பெண் எதைச் சொன்னாலும் அது அவளுக்கும் சவத்துக்கும் நடுவில். மறுநாள் யாரும் எடுத்துப் பேசக்கூடாது. இந்த மண்ணில் பிறந்த உனக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது. உன் அத்தானும் அன்று முற்றத்தில் தலைகுனிந்து நின்று கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அன்றோடு என் மேல் கை வைப்பதையும் விட்டிருந்தார். ஞாயிறு விருந்திலிருந்து வந்தவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்.

நம் மிங்ரேலிய மொழியில் எழுத எனக்குப் பழக்கமில்லை, பள்ளியில் சொல்லித்தரவும் இல்லை. ஜார்ஜியத்தில் திட்டுகிறேன். பாதிக் கோபம் வழியிலேயே சிந்திவிடுகிறது.

பழைய சொற்களின் வேரையெல்லாம் தோண்டிப் பட்டத்துக்காக ஓர் ஆராய்ச்சி எழுதுவதாகச் சொன்னாயே, அதில் என் அழுகை வரக்கூடாது. எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

அக்கா லம்சீரா

&nbsp;

திபிலிசி,
6 நவம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் காத்தூனாவும் நலம்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஒரு வாரமாக எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

வாத்தியார் செய்தது தப்பு. அது விருந்தில் படிக்கிற புத்தகம் இல்லை. எங்களைப் போன்ற நாலு பேர் பார்ப்பதற்காகப் போட்டது. அவர்களும் வீட்டுக் கதையைப் பார்ப்பதில்லை, சொல்லை மட்டும்தான் பார்ப்பார்கள்.

நீ கோபப்படாமல் கேட்டால் விளக்குகிறேன். ஜார்ஜியம், நம் மிங்ரேலியம், கடலோரத்து லாஸ், மலை மேலே ஸ்வான், நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தாய் போய் நாலாயிரம் வருஷம் ஆகிறது. அவள் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளின் வாயில் மிச்சமிருப்பதை ஒப்பிட்டுத்தான் அவள் என்ன பேசியிருப்பாள் என்று கண்டுபிடிக்கிறோம். ஒரு சொல் ஒரு பிள்ளையிடம் மட்டும் இருந்தால், அது தாய் கொடுத்ததா வழியில் பொறுக்கியதா என்று தெரியாது. நீ அழும்போது 'ஓட்டிவிட்டாயே' என்றாயே, அந்தச் சொல் ஸ்வானில் இருக்கிறது. அங்கே மாட்டையும் ஓட்டுவார்கள், மனுஷரையும் திருப்பி அனுப்புவார்கள், இரண்டுக்கும் அதே சொல்தான். நம் ஊரில் மாட்டுக்குச் சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறேன். மனுஷருக்குச் சொன்னது நீ ஒருத்திதான். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் என் வேர் ஒற்றைக் காலில் நிற்கும். மூன்றாவது அத்தியாயம் முழுவதும் அதன் மேல்தான் கட்டியிருக்கிறேன்.

போய் இன்னொருவரிடம் கேட்டு வாங்கவும் முடியாது. நானே சொல்லிக்கொடுத்துச் சொல்லவைத்தேன் என்பார்கள். தானாக வாயில் வந்தால்தான் அது சாட்சி.

இன்னொரு சின்ன உதவி. இந்தச் சொல்லை ஆட்டுக்கும் சொல்வோமா, மாட்டுக்கு மட்டும்தானா? யோசித்து எழுது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
பொந்தோ

&nbsp;

ஒச்சானா,
14 நவம்பர் 1983

பொந்தோ,

ஆட்டுக்கும் சொல்வோம். எருமைக்கும் சொல்வோம். பன்றி புகுந்தால் பன்றிக்கும் சொல்வோம். குறித்துக்கொண்டாயா?

அம்மாவின் சாவில் என் அழுகையைப் பதிந்தாயே, அந்த டேப்பை எத்தனை தடவை ஓடவிட்டுக் கேட்டிருப்பாய். முறிந்த கை என்று நான் சொன்னது ஒரு தடவைகூட உன் காதில் விழவில்லையா? உனக்குத் தொண்டை கட்டியதை எழுதுகிறாய். அக்கா, அந்தக் கை எப்போது முறிந்தது, இப்போது நன்றாக இருக்கிறதா என்று கேட்க உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. ஆட்டைப் பற்றிக் கேட்கக் கிடைத்தது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காத்தூனா பிறந்து நாலு மாதம். அவளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்தின் ஊடே ஓடிவந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கட்டினாள். சுடச்சுடக் கோமிக் களி கிண்டி, நடுவில் சுல்குனிப் பாலாடைக்கட்டித் துண்டைச் செருகித் தந்தாள். நான் தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் சொன்னாள்: "வெளிச்சம் வர்றதுக்குள்ள கெளம்புடி. யாராவது பாத்தா நம்ம வீட்டுக்குத்தான் கேவலம். பொந்தோ படிக்கிற புள்ள, அவன் நல்ல பேரோட பட்டணம் போகணும்."

நீ நல்ல பேரோடுதான் போனாய்.

தேயிலைத் தொழிற்சாலையில் உன் அத்தானைப் 'புத்தகத்தில் வந்தவர்' என்று கூப்பிடுகிறார்களாம். வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. முந்தாநாள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். நான் பொறுக்கி எடுத்தேன். இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன் தம்பி, அது போய்விட்டது. உன் ஆராய்ச்சியும் அச்சாகி, அதைப் பற்றியும் நாலு பேர் பேசினால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கு நான் எழுதித்தான் தெரியவேண்டுமா?

செத்து நாலாயிரம் வருஷமான தாய்க்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறாய். உயிரோடு இருக்கிற அக்கா கெஞ்சுகிறாள். எடுத்துவிடு.

லம்சீரா

&nbsp;

திபிலிசி,
22 ஜனவரி 1984

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்து. வேலை மிகுதியால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்து எனக்கும் வருத்தம்தான்.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். உன் பெயரை எடுத்துவிட்டு 'ஒரு பெண், நாற்பதைக் கடந்தவர்' என்று போடுகிறேன். ஊர்ப் பெயர் மட்டும் இருக்கவேண்டும், இல்லையென்றால் சாட்சி செல்லாது. இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது. ஏழு வருஷ உழைப்பு அக்கா. எங்கள் மொழி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு மிங்ரேலியப் பையன் இந்த இடத்துக்கு வருவதே பெரிய பாடு.

அத்தானின் கோபம் ஆறிவிடும். எல்லாக் கோபமும் ஆறும். காத்தூனாவின் தாதிப் படிப்பு எப்படிப் போகிறது?

உன் தம்பி,
பொந்தோ

&nbsp;

ஒச்சானா,
4 மார்ச் 1984

அன்புள்ள தம்பிக்கு,

உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும். நாங்கள் அனைவரும் நலம். உன் நலத்தை எழுதவும். இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கை கதவில் மாட்டிக்கொண்டது.

உன் அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உனக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார். முன்பு எழுதிய கடிதங்களில் நான் ஏதோ கோபத்தில் தாறுமாறாக எழுதிவிட்டேன் என்றும் சொல்லச் சொல்கிறார். நீ அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வருஷம் பனி குறைவு. காத்தூனா விடுதியிலிருந்து இன்னும் வீட்டுக்கு வரவில்லை, வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

உன் வேலையைப் பார்.

அக்கா லம்சீரா

&nbsp;

திபிலிசி,
20 மார்ச் 1984

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டு நிம்மதி. நீ அமைதியாகிவிட்டாய் என்பதே எனக்குப் பாதி பலம். கையில் வாதுமை எண்ணெய் தடவு, வீக்கம் வற்றும்.

நாள் குறித்துவிட்டார்கள். மே 18, வெள்ளிக்கிழமை காலை, எங்கள் நிறுவனத்தின் பெரிய கூடத்தில். அது திறந்த சபை, யார் வேண்டுமானாலும் வரலாம். என் ஆராய்ச்சியில் குறை சொல்வதற்கென்றே இரண்டு பேராசிரியர்களைப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவேண்டும். நீயும் அத்தானும் வந்தால் எனக்குப் பெருமை. மாலையில் விருந்து இருக்கிறது.

உன் தம்பி,
பொந்தோ

&nbsp;

திபிலிசி,
21 மே 1984

அக்காவுக்கு,

நலம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

நீ வருவதாக ஒரு தந்திகூட இல்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேராசிரியர்களுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டேன். வழக்கப்படி தலைவர் "வேற யாராவது பேச விரும்பறீங்களா" என்று கேட்டார். அது வெறும் சம்பிரதாயம், அக்கா. யாரும் பேசமாட்டார்கள். கடைசி வரிசையில் கறுப்பு உடையோடு, கையில் கட்டோடு நீ எழுந்து நின்றபோது எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"மூணாவது அத்தியாயத்துல வர்ற பொம்பள நான்தான்" என்று ஆரம்பித்தாய். "எங்க ஊர்ல அந்தச் சொல்ல மனுஷங்களுக்குச் சொல்ல மாட்டோம். நானும் சொல்லல. என் தம்பி தப்பா எழுதியிருக்கார்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. தலைவர் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நீ போய்விட்டாய்.

சபையை ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். பேச்சை மாற்றி எழுதியவன் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய வசவு இல்லை. நீ பொய் சொன்னாய், அக்கா. அந்தச் சொல்லை நீ சொன்னாய் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். டேப் என்னிடம் இருக்கிறது. ஜூன் சபையில் அதைப் போடச் சொல்கிறார்கள். நான் போடப்போகிறேன். உன் குரலைத் திபிலிசியே கேட்கட்டும்.

பொந்தோ

&nbsp;

ஒச்சானா, அம்மாவின் வீடு,
30 மே 1984

பொந்தோ,

பொய்தான் சொன்னேன். நல்ல கூட்டத்தில், எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். இரண்டு கடிதத்தில் கெஞ்சிக் கிடைக்காதது ஒரு பொய்யில் கிடைத்தது. கையில் இருந்த கட்டைப் பார்த்தாயாமே. அதில் எண்ணெய் தடவினாயா என்று கேட்காமல் விட்டாயே, அதற்கு நன்றி.

டேப்பைத் தாராளமாகப் போடு. ஆனால் வெட்டாதே, முழுசாகப் போடு. நான் அந்த வரியைச் சொன்னதும் என்ன வருகிறது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அம்மாவின் கால்மாட்டில் அந்த டேப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த நீ முன்னால் குனிந்து, "அக்கா, இன்னொரு தடவ சொல்லு. கொஞ்சம் மெதுவா" என்றாய். நான் சொன்னேன். இன்னொரு தடவை, மெதுவாக.

ஏன் சொன்னேன் தெரியுமா? என் தம்பிக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன். கேட்டது நிஜமா என்று நம்பமுடியாமல் திரும்பக் கேட்கிறான் என்று நினைத்தேன். இனி இவன் ஏதாவது செய்வான், அத்தானைத் தனியே கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பான் என்று அன்று முழுக்க உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்து மேசையில் நீ உன் அத்தான் மூர்த்தாசின் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவன் உனக்கு ஊற்றினான், நீ அவனுக்கு ஊற்றினாய். போன அக்டோபரில் அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் நீ எதற்காகத் திரும்பச் சொல்லச் சொன்னாய் என்பது எனக்கு விளங்கியது. அடித்தவன் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

திபிலிசியிலிருந்து ரயில் இறங்கி நேராக அம்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். காத்தூனாவும் வந்துவிட்டாள். மூர்த்தாசோடு இனி இருக்கமாட்டேன். மார்ச்சில் கை கதவில் மாட்டவில்லை, அதை நீயும் நம்பியிருக்கமாட்டாய். வீடு உன் பெயரில் இருக்கிறது, அம்மா மகனுக்குத்தான் எழுதினாள். அதனால் சொல்லிவைக்கிறேன். அவன் உன்னிடம் வருவான். அவனுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்பதை எனக்கு எழுது. உன்னிடம் நான் கேட்பது இனி இது ஒன்றுதான்.

லம்சீரா

&nbsp;

திபிலிசி,
28 ஜூன் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் காத்தூனாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று டேப்பைப் போட்டோம். வெட்டவில்லை. உன் குரல் வந்தது. அப்புறம் என் குரல் வந்தது. என் குரல்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. யாராவது எழுந்து வெளியே போவார்கள், யாராவது என்னை முறைப்பார்கள் என்று காத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. தலைவர் மற்றவர்களைப் பார்த்து, "பெத்த தாய் செத்துக் கெடக்கறப்போகூட மறுபடி சொல்லவெச்சு உறுதி பண்ணியிருக்கார் பாருங்க. வேலைன்னா இதுதான் வேலை" என்றார். கை தட்டினார்கள். எல்லா வாக்கும் எனக்கே விழுந்தது. டேப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மாலை விருந்துக்கு அத்தான் வந்திருந்தார். ஒரு வான்கோழியும் ஒரு குடம் திராட்சை ரசமும் கொண்டுவந்தார். எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு தனியே கூப்பிட்டு, "நடந்தது நடந்துபோச்சு மச்சான். புஸ்தகத்த நான் மறந்துட்டேன். நீ ஒரு வார்த்த சொல்லு, அவ வந்துடுவா. வீடு உன்னுதுதானே" என்றார். அழுதார் அக்கா. நிஜமாகவே அழுதார்.

இரவெல்லாம் யோசித்தேன் என்று எழுத ஆசை, ஆனால் யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. காத்தூனாவுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. தாய் புருஷன் வீட்டைவிட்டு வந்தவள் என்றால் நாளைக்கு அவளைக் கேட்டு யார் வருவார்கள்? அத்தான் இனிமேல் கை வைக்கமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். நானும் அவரைக் கவனித்துக்கொள்வேன். அம்மா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். அடுத்த மாத முடிவுக்குள் நீ உன் வீட்டுக்குப் போய்விடு. சாவியை ஒத்தார் வாத்தியாரிடம் கொடு.

என்னைத் தப்பாக நினைக்காதே.

உன் தம்பி,
பொந்தோ

&nbsp;

ஒச்சானா,
9 ஜூலை 1984

பொந்தோவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. இதை வலது கையால்தான் எழுதுகிறேன். பட்டம் வாங்கியதற்கு வாழ்த்து.

நீ சொன்னபடி சாவியை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை என்ன செய்வார் என்று தெரியவில்லை, ஏனென்றால் சுக்திதி நகரத்திலிருந்து ஆளைக் கூட்டிவந்து பூட்டை மாற்றியாகிவிட்டது. காத்தூனாவுக்குக் கல்யாணம் ஆகாதே என்று நீ கவலைப்படுவதைப் படித்துக் காட்டினேன். "மாமாவ அவர் வேலையப் பாக்கச் சொல்லும்மா" என்றாள். மூர்த்தாஸ் ஒரு தடவை வந்தான். வேலிப் படலைக்கு வெளியே நின்று கத்தினான். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்து உள்பக்கம் எங்களோடு நின்றார்கள். போய்விட்டான்.

வீடு உன்னுடையது, மறுக்கவில்லை. எங்களைப் போகச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதைக் கடிதத்தில் சொல்லாதே, மூர்த்தாசிடம் சொல்லி அனுப்பாதே. ரயிலேறி வா. பகலில் வா. படலைக்கு வெளியே நின்று, ஊர் கேட்க, என் முகத்தைப் பார்த்து உன் வாயால் சொல். அதற்கு நம் மொழியில் என்ன சொல் என்று நீ யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. மாட்டுக்கு மட்டும் இல்லை, மனுஷருக்கும் நம் சனங்கள் நாலாயிரம் வருஷமாக அதைத்தான் சொல்கிறார்கள் என்று சபையில் நிரூபித்தவன் நீதானே.

லம்சீரா